ஆமை வகுப்புக்கு வந்தது

பள்ளிக்கூடத்தில் கணினி: 7

பேசிக் மொழியை டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் 1964 மே மாதம் ஓட்டிக் காட்டியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அவர்கள் கண்முன் இருந்தவர்கள் கலைப்பாடம் படிக்கும் கல்லூரி இளைஞர்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நிரல்மொழி பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரத்தில்.

அதைச் செய்தது பல்கலைக்கழகம்கூட இல்லை. போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற ஆலோசனை நிறுவனம். அரங்குகளில் ஒலி எப்படிப் பரவ வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர்கள் தொடங்கிய தொழில். நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தின் ஒலியமைப்புக்கு ஆலோசனை சொன்னவர்கள். அறுபதுகளில் கணினிக்கும் வந்துவிட்டார்கள். (இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டின் இணைப்புக் கருவிகளை 1969-இல் செய்து கொடுத்ததும் இதே நிறுவனம். அந்தக் கதைக்குத் தனித் தொடரே வேண்டும்.)

அங்கே கல்வி ஆய்வைக் கவனித்துவந்த வாலஸ் ஃபர்சைக், 1965-66-இல் டெல்காம்ப் என்ற மொழியை எட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். பள்ளியில் இருந்தது டெலிடைப் இயந்திரம் மட்டும். கணினி நிறுவனத்திலேயே இருந்தது. இடையில் தொலைபேசிக் கம்பி. பிள்ளைகள் ஆர்வமாகத்தான் வந்தார்கள். ஆனால் டெல்காம்ப் அடிப்படையில் எண்களுக்கான மொழி. கணக்கென்றாலே ஒதுங்குகிற பிள்ளையைக் கணக்கு வழியாகவே கணினிக்கு அழைத்துவருவது எப்படி? சொற்களோடும் வாக்கியங்களோடும் விளையாட விடும் மொழி ஒன்று வேண்டும் என்ற முடிவுக்கு ஃபர்சைக் வந்தார்.

இந்த இடத்தில் சீமோர் பேப்பர்ட் கதைக்குள் நுழைகிறார். 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். இளம் வயதிலேயே நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர். கணிதத்தில் இரண்டு முனைவர் பட்டங்கள் வாங்கியவர். 1958 முதல் ஜெனீவாவில் குழந்தை உளவியலறிஞர் ஜான் பியாஜேயோடு சில ஆண்டுகள் வேலை செய்தார். குழந்தை என்பது பெரியவர்களின் அரைகுறைப் பதிப்பு இல்லை, தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிற ஆள் என்பது பியாஜேயின் பார்வை. அந்தப் பார்வையோடுதான் பேப்பர்ட் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். ஃபர்சைக், பேப்பர்ட், டேனியல் பாப்ரோ, சிந்தியா சாலமன் நால்வரும் சேர்ந்து செய்த மொழிக்கு லோகோ என்று பெயர் வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் புழங்கிய லிஸ்ப் மொழியின் பிள்ளை அது. 1967 கோடையில் லிங்கன் என்ற ஊரின் ஹான்ஸ்கம் ஃபீல்டு பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தார்கள். செலவு அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு அலுவலகத்துடையது. கடற்படைக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் கணினி ஆய்வுக்கான காசு பெரும்பாலும் ராணுவத்தின் பையிலிருந்தே வந்தது.

லோகோ என்றதும் ஆமை நினைவுக்கு வருபவர்களுக்கு ஒரு செய்தி: இந்த முதல் லோகோவில் ஆமை கிடையாது. திரையும் கிடையாது. டெலிடைப்பின் தாளில் எழுத்துகள் கடகடவென அச்சாகும், அவ்வளவுதான். அதை வைத்தே 1968-69 கல்வியாண்டு முழுக்க லெக்சிங்டன் நகரின் மஸி ஜூனியர் ஹை பள்ளியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்கு வழக்கமான கணக்குப் பாடத்துக்குப் பதிலாக லோகோ நடந்தது. நடத்தியவர்கள் பேப்பர்ட்டும் சாலமனும். மொழியை உருவாக்கியவர்களே அதற்கு வாத்தியார்கள். 12 பேருக்கு இரண்டு பேர். இந்தக் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தப் பிள்ளைகள் எழுதிய நிரல்களில் ஒன்று, கணினியைத் தானாக வாக்கியம் எழுத வைப்பது. சொற்பட்டியலிலிருந்து ஏதாவதொரு சொல்லைப் பொறுக்கி அடுத்தடுத்து வைக்கச் சொன்னால் வந்து விழுவது வெறும் சொற்குப்பை. அதை வாக்கியமாக்க வேண்டுமானால் சொற்களைத் தனித்தனிப் பட்டியலாகப் பிரிக்க வேண்டும்: இங்கே பெயர், அங்கே வினை. ஜென்னி என்று பேப்பர்ட் தன் நூலில் குறிப்பிடும் 13 வயதுப் பெண் ஒருத்தி, பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எதற்கு இருக்கின்றன என்பது இப்போதுதான் தனக்குப் புரிகிறது என்று வந்து சொன்னாளாம். அதுவரை வருஷா வருஷம் இலக்கணம் நடத்தியிருந்தார்கள். ஆனால் அந்தப் பாகுபாட்டை வைத்து ஒரு வேலை செய்துகொள்ளும் தேவை அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பேப்பர்ட் சொல்லும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆமைக் கதைகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஆமை வந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் நாற்பதுகளின் கடைசியில் எல்மர், எல்சி என்று இரண்டு சிறிய ஊர்தி இயந்திரங்கள் செய்து, அவற்றை ஆமை என்றே அழைத்தார். அந்தப் பெயர் பேப்பர்ட்டின் குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் லோகோ ஆமை, நீளக் கம்பியால் கணினியோடு பிணைக்கப்பட்டு, வயிற்றில் ஒரு பேனாவோடு தரையில் ஊர்ந்த இயந்திரம். 1970-71-இல் லெக்சிங்டன் பிரிட்ஜ் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஓட்டினார்கள். திரையில் ஊரும் ஆமையும் அதே காலத்தில் வந்துவிட்டது.

ஆமைக்குத் தெரிந்த கட்டளைகள் மிகக் குறைவு. ‘ஃபார்வர்டு 100’ என்றால் நூறு அடிவைத்து முன்னே போகும். ‘ரைட் 90’ என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் 90 பாகை திரும்பும். இந்த இரண்டையும் நான்கு முறை சொன்னால் சதுரம். அந்த நான்கையும் சேர்த்து ‘சதுரம்’ என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால், அதன்பின் அந்தப் பெயரே ஒரு கட்டளை. மொழியில் இல்லாத சொல்லைக் குழந்தை சேர்க்கிறது. சேர்த்த சொற்களை அடுக்கி வீடு, பூ, ஊர் என்று வரைகிறது.

அடுத்தது முக்கோணம். இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். ஆகவே நூறு போ, 60 திரும்பு என்று மூன்று முறை சொல்கிறார்கள். ஆமை வரைவது முக்கோணமில்லை. வாய் பிளந்து நிற்கும் பாதி அறுகோணம். எங்கே தப்பு? ஆமை திரும்புவது உருவத்தின் உள்கோணத்தை அல்ல, வெளிக்கோணத்தை. சதுரத்தில் இரண்டும் 90 என்பதால் அங்கே வேறுபாடு மறைந்துகிடந்தது. பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, “நீயே ஆமை, நீயே நட” என்றால் மூலையில் எவ்வளவு திரும்புகிறோம் என்பது உடம்பிலேயே தெரிந்துவிடும்: 120. மூன்று மூலைக்கும் சேர்த்து 360. சதுரத்துக்கும் 360, ஐங்கோணத்துக்கும் 360. சுற்றிவந்து கிளம்பிய திசையிலேயே நின்றால் மொத்தத் திருப்பம் ஒரு முழுச் சுற்றாகத்தானே இருக்க வேண்டும்! இந்த ஒரு கருத்திலிருந்து கிளம்பி வளைந்த வெளி வரைக்கும் போகலாம் என்று எம்.ஐ.டி.யின் ஏபெல்சனும் டிசெஸ்ஸாவும் 1981-இல் ஆமை வடிவியல் பற்றித் தடித்த நூலொன்றே எழுதினார்கள்.

ஆனால் “நீயே நட” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பாதி அறுகோணத்தைப் பார்த்ததும் “தப்பு” என்று அழிக்காமல், “பரவாயில்லையே, இது என்ன உருவம்?” என்று கேட்கத் தெரிந்த ஆள். நிரலில் பிழை இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, அது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் சுவாரசியம் என்பது லோகோ குழுவின் வேதவாக்கு. அந்த வேதம் மொழிக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. வகுப்பில் நின்ற பெரியவர்களின் நாக்கில் இருந்தது.

1977-78-இல் புரூக்ளைன் நகரின் லிங்கன் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 16 பேரிடம் எம்.ஐ.டி. குழு விரிவான ஆய்வு ஒன்றை நடத்தியது. நான்கு கணினிகள், ஒரு நேரத்துக்கு நான்கு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் என்ன அடித்தது, எங்கே தடுமாறியது என்று கூடவே இருந்து குறித்துக்கொண்டார்கள். அறிக்கையைப் புரட்டினால் நிரல்மொழியின் வரலாறு போலவே இருக்காது. பதினாறு பிள்ளைகளின் குணச்சித்திரங்கள் போல இருக்கும். பிள்ளைக்குப் பிள்ளை வழி வேறு, வேகம் வேறு. இந்த அளவு கவனிப்போடு ஒரு நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் நடத்த முடியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்கும் தேவையும் வரவில்லை. லோகோவை ஓட்டும் கணினி எந்தப் பள்ளிக்கும் கட்டுப்படியாகிற விலையில் இல்லை.

அந்தத் தடை எண்பதில் உடைந்தது. டல்லஸில் லாம்ப்லைட்டர் என்ற தனியார் பள்ளி. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை சுமார் 450 பிள்ளைகள். அதே நகரத்து டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் சிறுகணினிகள் 50 அங்கே வகுப்பறைகளில் இறங்கின, லோகோவோடு. அதே 1980-இல் பேப்பர்ட்டின் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூல் வந்தது. 1982-இல் ஆப்பிள் கணினிக்கான லோகோ கடைக்கு வந்தது. 12 பிள்ளைகளுக்கு இரண்டு மேதைகள் என்று தொடங்கிய விஷயம், இப்போது ஒரு நெகிழ்வட்டில் அடங்கி அஞ்சலில் போகத் தொடங்கிவிட்டது. வட்டில் மொழி போனது. கையேடு போனது. கூடவே நின்ற ஆள் மட்டும் போக முடியவில்லை.

‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ பல ஆசிரியர்களை உண்மையாகவே தூக்கிவாரிப் போட்ட புத்தகம். அதன் குரல் போதகரின் குரல். எனக்கு அதில் குறை தெரிந்தாலும் இன்றைக்கும் படித்தால் சூடு குறையவில்லை. ஆனால் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது எளிய சூத்திரம் ஒன்றை: லோகோவைக் கொடு, ஒதுங்கி நில், பிள்ளை தானே சிந்திக்கக் கற்றுக்கொள்ளும். பேப்பர்ட் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் பக்கத்தார் வாதாடுவார்கள். அப்படி வாசிக்க இடம் கொடுத்து எழுதினார் என்பதையும் மறுக்க முடியாது.

இந்தச் சூத்திரத்தைத்தான் நியூயார்க்கின் பேங்க் ஸ்டிரீட் கல்லூரி ஆய்வாளர்கள் ராய் பீயும் மிடியன் கர்லண்டும் சோதனைக்கு எடுத்தார்கள். பேங்க் ஸ்டிரீட் பழமைவாதிகளின் கோட்டை இல்லை. குழந்தை மையக் கல்விக்குப் பேர்போன இடம். அதன் சொந்தப் பள்ளியில் இரண்டு வகுப்புகள்: ஒன்று 8-9 வயது, இன்னொன்று 11-12 வயது. வகுப்புக்கு ஆறு கணினிகள். நிரல் எழுதக் கற்ற பிள்ளைக்குத் திட்டமிடும் திறன் வளரும் என்பது லோகோ ஆர்வலர்களின் நம்பிக்கை. சரி, திட்டமிடச் சொல்லிப் பார்ப்போம் என்றார்கள். ஒரு வகுப்பறையின் வரைபடத்தைக் கொடுத்து, கரும்பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளை ஆகக் குறைந்த நடையில் முடிக்க எந்த வரிசையில் செய்வாய் என்று கேட்டார்கள். ஓராண்டு லோகோ பழகிய பிள்ளைகளும் லோகோவைப் பார்த்தே இராத பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்தார்கள்.

இன்னொரு ஆய்வு அதைவிடக் கூர்மையானது. ஒரு நிரல் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் மறுசுழல் உத்தி லோகோவின் மகுடம் என்று கருதப்பட்டது. ஓராண்டு லோகோ படித்த 11-12 வயதுப் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட சிறு நிரல்களைக் காட்டி, ஆமை என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். பலருக்கும் சொல்லத் தெரியவில்லை. நிரல் திரும்ப மேலே போய் மறுபடி ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன ஒவ்வொரு அழைப்பும் முடிந்தபின் வெளியே திரும்பிவர வேண்டும் என்பது யாரும் சொல்லாமல் அவர்களுக்கு எட்டவில்லை. அழகான படங்கள் திரையில் வந்துகொண்டிருந்தன. படம் வந்ததால் புரிந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

1984 வாக்கில் இந்த முடிவுகள் வெளியானதும் லோகோ வட்டாரத்தில் பெரும் கலவரம். பேப்பர்ட் 1987-இல் எழுதிய மறுப்பு புகழ்பெற்றது. லோகோ என்ன விளைவு தருகிறது என்ற கேள்வியே கோணலானது என்றார். மரம் நல்ல வீடுகளைத் தருமா என்று யாராவது கேட்பார்களா? தச்சனையும் ஊரையும் விட்டுவிட்டு மரத்தை மட்டும் எப்படி எடைபோடுவது? நல்ல வாதம்தான். ஆனால் மரத்தைப் பற்றி ஏழு ஆண்டுகளுக்குமுன் அத்தனை பெரிய வாக்குறுதி கொடுத்துப் புத்தகம் எழுதியவர் வாயிலிருந்து வரும்போது கொஞ்சம் உறுத்துகிறது. பீயின் பதிலும் உடனே வந்தது. பொருளைச் சந்தைக்கு விட்டவர்கள் அதன் பலனைச் சோதிப்பவரைக் குறைசொல்வது நியாயமில்லை என்பது அதன் சாரம்.

இரண்டு பேரும் ஒரே இடத்தை இரண்டு பக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது என் வாசிப்பு. அதை உறுதியாகக் காட்டியது மூன்றாவது தரப்பு. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளாரும் ஷாரன் கார்வரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு லோகோவோடு சேர்த்துப் பிழை தேடும் முறையையும் படிப்படியாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வர வேண்டியது என்ன, வந்தது என்ன? இரண்டுக்கும் வேறுபாடு எந்த மாதிரி? அந்த மாதிரிப் பிழை நிரலின் எந்தப் பகுதியில் ஒளிந்திருக்கும்? பிறகு கணினியே இல்லாத வேலையைக் கொடுத்தார்கள்: யாரோ தப்பாக எழுதிவைத்த வழிக்குறிப்பைத் திருத்து. இந்தப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகத் திருத்தினார்கள். திறன் இடம் பெயர்ந்தது. அதே மொழி, அதே வயதுப் பிள்ளைகள். கூடுதலாக இருந்தது, ஒருவர் உட்கார்ந்து யோசித்து அமைத்த பாடம்.

இந்த ஆய்வைப் பள்ளி நிர்வாகங்கள் படித்ததற்கான அறிகுறி இல்லை. அவர்கள் வேறு வழியில் போய்விட்டார்கள். முதலில் ஆர்வமுள்ள ஆசிரியரின் வகுப்பறை மூலையில் இருந்த ஒன்றிரண்டு கணினிகள், எண்ணிக்கை கூடியதும் தனி அறைக்குப் போயின. தனி அறைக்குத் தனிப் பீரியட், தனிப் பாடத்திட்டம், தனி டீச்சர். கணக்கோடும் மொழியோடும் கலந்து எல்லாப் பாடங்களின் சுவரையும் இடிக்க வந்த கருவி, தானே இன்னொரு பாடமாகிவிட்டது. தனக்குள் நுழைந்த அந்நியப் பொருளைப் பள்ளிக்கூடம் இப்படித்தான் செரித்துக்கொள்கிறது என்று பேப்பர்ட் 1993-இல் கசப்போடு எழுதினார். கம்ப்யூட்டர் லேபுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் போன நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதிவிலக்குகள் இருந்தன. பாஸ்டனின் ஹென்னிகன் அரசுப் பள்ளியில் 1985-இல் தொடங்கிய திட்டத்தில் கணினிகளை அறைக்குள் பூட்டாமல் வகுப்பறைகளுக்கு நடுவே பொதுவெளியில் வட்டமாக வைத்தார்கள். அங்கே இடித் ஹாரெல் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேருக்குக் கொடுத்த வேலை வித்தியாசமானது: உங்களைவிடச் சின்ன வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தர ஒரு மென்பொருள் செய்யுங்கள். மாதக்கணக்கில் ஒரே வேலை. பின்னம் புரியாத பிள்ளை பின்னத்துக்குப் பாடம் எழுத வேண்டும். எழுதி முடித்தபோது பின்னத்திலும் லோகோவிலும் மற்றப் பிள்ளைகளைத் தாண்டியிருந்தார்கள். அதே எம்.ஐ.டி. சூழலில் மிட்செல் ரெஸ்னிக்கும் ஸ்டீவ் ஆக்கோவும் லோகோவை லெகோ கட்டைகளோடு இணைத்தார்கள். இந்த ரெஸ்னிக்கின் குழுதான் 2007-இல் ஸ்கிராட்ச்சை வெளியிட்டது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘காட்சித் தொடர்பு’ பாடத்தில் வருகிறதே, அதே ஸ்கிராட்ச். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியிலும் ஆமை உண்டு, தமிழிலேயே கட்டளை கேட்டு நடக்கும்.

எல்லாவற்றையும்விட வேறுபட்ட சோதனை நடந்தது மத்திய அமெரிக்காவில், 1949 முதல் ராணுவமே வைத்துக்கொள்ளாத கோஸ்டாரிகாவில். ஆஸ்கர் அரியாஸ் அதிபராக இருந்த காலம். 1987-இல் ஒமர் டெங்கோ அறக்கட்டளை உருவானது. அடுத்த ஆண்டே கல்வி அமைச்சகத்தோடு சேர்ந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் லோகோ திட்டத்தைத் தொடங்கியது. கணினிகள் ஐ.பி.எம்., மொழி லோகோரைட்டர். அங்கேயும் தனி அறைதான். ஆனால் வேலையை அவர்கள் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார்கள். அறக்கட்டளையின் இயக்குநர் குளோடில்டே ஃபொன்சேகா கணினிக்காரர்களைத் தேடிப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை, பெரும்பாலும் பெண்களை, கணினியைத் தொட்டே இராதவர்களைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளைகளுக்கு முன்னால் அவர்கள்தான் ஆமையோடு உட்கார்ந்தார்கள். முக்கோணத்தில் அவர்களும் 60 என்றுதான் முதலில் அடித்தார்கள் என்று அடித்துச் சொல்வேன், யார்தான் அடிக்கவில்லை? அவர்களில் சிலர் பின்னாளில் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களானார்கள். அமெரிக்கப் பள்ளிகள் தொண்ணூறுகளில் லோகோவை ஓரங்கட்டிவிட்டு இணையத்துக்கும் வேர்டுக்கும் தாவியபோது, கோஸ்டாரிகாவில் அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்தது.

(தொடரும்)